உடற்பற்றும் மார்பகச் சீரமைப்பும்

உடல் நிலையற்றது என்பது நம் இல்லங்களில் சிறுவரும் அறிந்த பாடம். பன்னிரண்டு அனுப்பிரேட்சைகளுள் முதலாவது நிலையாமை. ஐந்தாவது, உயிர் வேறு உடல் வேறு என்று எண்ணுதல். ஆறாவது, உடலின் தூய்மையின்மையை எண்ணுதல். தசதர்ம நாட்களில் இவற்றை விரித்துரைக்கக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் இப்பாடத்தை யார் யாருக்குச் சொல்வது, எந்த வேளையில் சொல்வது என்பதை நாம் அதிகம் ஆராய்வதில்லை. எண்ணுதல் என்பது தன் உள்ளத்துள் தான் செய்வது. பிறருடைய உடலை நோக்கி விரலை நீட்டி, "இது நிலையாதது, விட்டுவிடு" என்று கூறுவதை எந்த அனுப்பிரேட்சையிலும் சேர்த்ததாக நாம் படித்ததில்லை.

இது ஏட்டளவில் எழுந்த வினா அன்று. சின்ன காஞ்சிபுரத்தில் நாம் வாழும் பகுதியில் நம் சமூகத்துப் பெண்மணி ஒருவர் இருக்கிறார். நாற்பது வயதைக் கடந்தவர். பட்டுக் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கெழுதுபவர். சிறுமியாய் இருந்தபோது நம் வகுப்பில் அமர்ந்தவர். பெயர் இங்கு வேண்டியதில்லை. புற்றுநோயால் அவருடைய இடது மார்பகம் நீக்கப்பட்டது. மருந்தும் கதிர் சிகிச்சையும் முடிந்து இரண்டாண்டுகள் ஆனபின், மார்பகத்தை மீண்டும் அமைத்துத் தர இயலும் என்று சென்னை மருத்துவர்கள் கூறினர். அவருக்கு விருப்பம். வீட்டுப் பெரியவர்களுக்கு விருப்பமில்லை. "ஆசிரியை சொன்னால் கேட்பாள்" என்று நம்மிடம் வந்தனர். உடற்பற்று தவறு என்று அவளுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுமாம்.

நாம் உரைக்கவில்லை. ஏன் உரைக்கவில்லை என்பதைச் சற்று விரிவாகவே எழுத எண்ணுகிறோம். இனி வரும் ஆண்டுகளில் இது பல வீடுகளில் எழப்போகும் வினா. நம் நாட்டுப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இன்று மார்பகப் புற்றுநோயே. காரைப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையின் வெளிநோயாளர் வரிசையில் ஒரு முற்பகல் அமர்ந்திருந்தால் போதும், புள்ளிவிவரம் வேண்டுவதில்லை.

பெரியவர்கள் கூறிய காரணங்கள் மூன்று. இந்த வயதில் எதற்கு என்பது ஒன்று. இடப்பக்கம்தானே, முந்தானை மறைக்கிறதே என்பது மற்றொன்று. உடலின் வடிவு நாமகருமத்தால் அமைவது, வந்த வினையை அனுபவித்துத் தீர்க்க வேண்டும், மாற்ற முயல்வது பேதைமை என்பது மூன்றாவது.

முதலிரண்டு காரணங்களும் பார்ப்பவர் பக்கத்திலிருந்து பேசுபவை. முந்தானை ஊராரின் கண்ணுக்குத்தான் திரை. குளிக்கும் அறையில் முந்தானை இல்லை. தையற்காரரிடம் ரவிக்கைக்கு அளவு கொடுக்கும்போதும் இல்லை. ஒருபுறம் கனம் குறைந்தமையால் தோள் சாய்வதும் கழுத்தும் முதுகும் வலிப்பதும் சிலருக்கு உண்டு. அந்த வலியை எந்தப் பட்டும் மறைப்பதில்லை.

மூன்றாவது காரணத்தைச் சொன்ன பெரியவரின் இரு கண்களிலும் கண்புரை நீக்கி லென்ஸ் வைத்திருக்கிறார்கள். அதுவும் உடலுக்குள் வைக்கும் செயற்கைப் பொருளே. நமக்கோ மேல்வரிசைப் பற்கள் முழுவதும் கட்டிய பற்கள். மெல்லுவதற்கு என்று சொல்லிக்கொள்கிறோம். பல் இல்லாத வாயுடன் நான்கு பேர் முன் நிற்கக் கூசுவதும் அதில் பாதி என்பதை எந்த முதியவரும் அறிவார். வினைப்பயன் என்று சொல்லி நாம் கண்ணாடியையும் பற்கட்டையும் மறுத்ததில்லை. வேதனீய வினையால் வரும் காய்ச்சலுக்கு மருந்துண்ணும் நாம், பெண்ணின் மார்பகம் என்றவுடன் மட்டும் வினைக் கோட்பாட்டை முழு வன்மையுடன் நினைவுகூர்வது ஏன்? அதில் சமயத்தைவிடக் கூச்சமே மிகுதி என்பது நம் கருத்து.

துறவறத்தின் மேன்மையை இங்கே குறைத்துப் பேசுகிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். நம் முனிவர்களும் ஆர்யாங்கனைகளும் தம் தலைமயிரைத் தம் கையாலேயே களைகின்றனர். கேசலோசனத்தைக் கண்டவர்கள் அந்த அமைதியை மறவார்கள். அதே ஊரில் மற்றொரு பெண், புற்றுநோய் மருந்து ஏற்றிய மூன்றாம் வாரத்தில், காலையில் எழுந்து தலையணையில் கொத்தாகக் கிடக்கும் மயிரைக் காண்கிறாள். இருவர் தலையும் மழுங்கியதுதான். ஒருத்தி விட்டாள், மற்றவளிடமிருந்து பறிக்கப்பட்டது. விட்டவளுக்கு உரிய சொல்லைப் பறிகொடுத்தவளிடம் கூறினால் அவளுடைய துயரம் கூடுமேயன்றித் தணியாது. துறவு என்பது தன் உரிமையை உடையவர் அதனைத் தாமே துறப்பது. பிறர் தூண்டுதலால் ஒருத்தி வாயை மூடிக்கொண்டால் அது துறவாகாது.

கண்ணகியைச் சொல்லித் தேற்றுவோரும் உண்டு. சமண முனிவராகக் கருதப்படும் இளங்கோவடிகளின் காப்பியத் தலைவி, தன் இடது மார்பைத் தன் கையால் திருகி எறிந்தவள். பின்னர்க் கோயில் கொண்டவள். ஆதலால் மார்பிழந்த பெண் தெய்வத் தன்மை உடையவள் என்று பேசுவது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கண்ணகி நீதி கேட்டுச் சினந்து செய்த செயல் அது. அறுவைக் கூடத்தின் விளக்கொளியில் மயக்க மருந்துடன் படுத்திருந்த சங்கத்துக் கணக்கர், எந்த நகரையும் எரிக்க விரும்பியவர் அல்லர். அவர் வேண்டியது பிழைத்திருப்பதை மட்டுமே. அவரைப் பீடத்தில் ஏற்றுவதும், அவர் விருப்பத்தைக் கேளாமல் இருப்பதற்கு ஒரு வழியாகிவிடும்.

நம் சமயம் இவ்விடத்தில் கற்பிப்பது வேறொன்று. நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் மூன்றாவது அருவருப்பின்மை. வடமொழியில் நிர்விசிகித்சை என்பர். அதற்குச் சான்றாகக் காட்டப்படுபவன் உத்தாயண மன்னன். அவனைச் சோதிக்க எண்ணிய தேவன் ஒருவன், குட்டநோயால் உடல் அழுகிய முனிவர் வடிவில் அரண்மனைக்கு வந்து, உணவை உண்டு, உண்டதனைத்தையும் உமிழ்ந்தான். ஏவலர் விலகி ஓடினர். மன்னனும் தேவியும் அவனைத் தம் கைகளால் கழுவித் துடைத்தனர். ஒவ்வாத உணவைத் தந்துவிட்டோமே என்று தம்மையே நொந்துகொண்டனர். இக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, உமிழ்ந்ததைத் துடைத்த செயலோடு நிறுத்திவிடுகிறோம். உடல் அசுத்தமானது என்னும் உண்மையை மன்னன் அந்த முனிவரிடம் பேசவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த உண்மை அவனிடம் அருவருப்பின்மையாக மாறி நின்றது.

குட்டநோய் என்றவுடன் நமக்கு அண்மையில் உள்ள வேலூர் நினைவிற்கு வருகிறது. அங்குள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் பிற்பகுதியிலிருந்து பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவையால் இயங்கச் செய்தவர் என்று உலகம் அறியும். அவர் செய்த மற்றொன்று அத்துணை பேசப்படுவதில்லை. விரல் நிமிர்ந்த பின்னும், நோய் அடங்கிய பின்னும், அம்மனிதர்களுக்கு வேலை கொடுப்பார் இல்லை. புருவம் உதிர்ந்து மூக்கு அமுங்கிய முகம் அவர்களைக் காட்டிக்கொடுத்தது. ஆகவே அவரும் உடன் பணிபுரிந்தோரும் தலைத்தோலிலிருந்து மயிருள்ள பகுதியைக் கொணர்ந்து புருவம் அமைத்தனர். அமுங்கிய மூக்கை உயர்த்தினர். புருவம் இன்றி ஒருவர் உயிர் வாழலாம். ஆனால் பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும். அப்புருவத்தை அழகு ஆசை என்று யார் கூறத் துணிவார்?

மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவையின் வரலாறும் சீரமைப்பில்தான் தொடங்கிற்று. ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் 1895ஆம் ஆண்டு வின்சென்ஸ் செர்னி என்னும் மருத்துவர், கட்டி அகற்றப்பட்ட ஒரு பெண்ணின் மார்பகக் குழியை, அவளுடைய உடலிலேயே இருந்த கொழுப்புக் கழலையைக் கொண்டு நிரப்பினார். சிலிக்கோன் உறை வந்தது அதற்கு மிகப் பின்னர். 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் டிம்மி ஜீன் லிண்ட்சே என்னும் பெண்ணுக்கு அது முதன்முதலாக வைக்கப்பட்டது. அவர் மருத்துவமனைக்குச் சென்றது மார்பில் குத்தியிருந்த பச்சையை அழிப்பதற்காக. மார்பகத்தைப் பெரிதாக்கும் யோசனையை முன்வைத்தவர்கள் மருத்துவர்கள். தமக்கு வேண்டியது காதுகளைச் சரிசெய்வதே என்று அவர் சொல்ல, அதையும் செய்து தருவதாக இசைந்தனர். இச்செய்தியை நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. உலகெங்கும் எத்தனையோ பெண்கள் பின்பற்றிய வழியில் முதலடி வைத்தவரிடம் அந்த விருப்பம் இருக்கவே இல்லை. பிறர் கொடுத்த விருப்பம் அது.

ஆதலால் நோயால் இழந்ததை மீட்பது தகும், நலமான உடலைப் பெருக்குவது தகாது என்று ஒரு கோடு கிழித்துவிட்டால் எளிதாயிருக்கும் என்று தோன்றும். நாமும் முதலில் அங்குதான் நிற்க விரும்பினோம். ஆனால் அக்கோட்டின்மேலேயே சிலர் நிற்கிறார்கள். பிறவியிலேயே ஒருபுற மார்பகம் வளராத பெண்கள் உண்டு. தீக்காயத்தால் மார்பு சுருங்கியவர்கள் உண்டு. இவர்களுக்கு நோய் என்று எழுத மருத்துவச் சீட்டில் இடம் இராது; துன்பம் மட்டும் உண்டு. மறுபுறம், சீரமைப்பு என்ற பெயரிலேயே, கணவர் வற்புறுத்தியதால் அறுவைக்கு இசையும் நோயாளியும் இருக்கக்கூடும். விருப்பம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது, உடலில் என்ன குறை இருந்தது என்று பார்ப்பதைவிடப் பயன் தரும். மூர்ச்சையே பரிக்கிரகம் என்பது நம் ஆசாரியர் கொள்கை. பொருள் கையில் இருப்பதை அவர்கள் அளவுகோலாகக் கொள்ளவில்லை. அதன்மேல் உள்ள மயக்கத்தையே கொண்டார்கள். அதே கணக்கை மார்புக்கும் போடலாம். இழந்ததை எண்ணி நாள்தோறும் மறுகுபவள், சீரமைத்தபின் அதை மறந்து தன் வேலையைப் பார்ப்பாளாயின், பற்று குறைந்ததா, கூடிற்றா?

நம் மாநிலத்தில் இவ்வினா அரசு மன்றம் ஏறியதும் உண்டு. 2018ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில், ஏழைகளுக்குக் கட்டணமின்றி அழகுசார் அறுவை செய்யும் பிரிவு தொடங்கப்பெற்றது. மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவையும் அதில் அடக்கம். விபத்தில் சிதைந்த கைகளைச் சீரமைப்பதில் நெடுங்காலமாகப் பெயர் பெற்ற மருத்துவமனை அது. அழகு செல்வருக்கு மட்டும் உரியதா, அரசு தராவிடில் ஏழைகள் கடன் வாங்கியோ ஆபத்தான வழிகளிலோ அதைத் தேடமாட்டார்களா என்பது அன்றைய சுகாதாரத்துறை அமைச்சர் சி. விஜயபாஸ்கரின் வாதம். தொற்றுநோய்க்கும் அவசர சிகிச்சைக்கும் செல்ல வேண்டிய பணம் அழகுக்குச் செல்வதா என்று பொதுச் சுகாதாரத் துறையில் அனுபவம் பெற்றோர் கேட்டனர்.

இருதரப்பிலும் நியாயம் உண்டு. பொதுப்பணத்தில் முதலிடம் உயிர்காக்கும் மருத்துவத்துக்கே என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அன்று பலர் நகைத்தது பணத்தைப் பற்றி அன்று. ஏழைப் பெண்ணுக்கு எதற்கு இந்த ஆசை என்பதே நகைப்பின் பொருள். வசதியுள்ள வீட்டுப் பெண் தனியார் மருத்துவமனைக்குச் சென்றால் அது அவள் சொந்த விவகாரம். தறிக்காரன் மனைவி சென்றால் அது பண்பாட்டுச் சீரழிவு. பற்றின்மையை ஏழைக்கு மட்டும் கட்டாயப் பாடமாக வைப்பவரிடம் நாம் உடன்பட இயலாது.

இனி அறுவைக்குப் பின் நிகழ்வதைச் சொல்ல வேண்டும். இதை நம் பத்திரிகைகளில் எவரும் எழுதுவதில்லை. விளம்பரக்காரர்கள் முன்னும் பின்னுமாய் இரு படங்களைப் போட்டு இடைப்பட்ட காலத்தை விழுங்கிவிடுகிறார்கள். அந்த இடைப்பட்ட காலமே பெண் வாழ வேண்டிய காலம்.

கட்டுப் பிரித்தபின் முதன்முறை கண்ணாடியில் காணும் உருவம் இறுதி உருவம் அன்று என்பதை முன்பே அறிந்திருத்தல் நலம். வீக்கம் இருக்கும், தோல் கன்றிக் கருநீலமாய் இருக்கும், மார்பின்மேல் ஒரு பலகையை இறுகக் கட்டியதுபோன்ற உணர்வு இருக்கும். சிலிக்கோன் உறையைத் தசையின் அடியில் வைத்திருந்தால், தொடக்கத்தில் அது இயல்புக்கு மீறி மேலேறி, கழுத்தெலும்பை நோக்கித் தூக்கிக்கொண்டு நிற்கும். தசை தளரத் தளர, வாரங்கள் மாதங்களாக, மெல்லக் கீழிறங்கி மென்மையடையும். மூன்று முதல் ஆறு மாதம் வரை ஆகலாம். இருபுறமும் ஒரே வேகத்தில் இறங்குவதுமில்லை. இரண்டாம் வாரத்தில் ஒன்று மேலும் ஒன்று கீழுமாய் இருப்பதைக் கண்டு, அறுவை பிழைத்துவிட்டது என்று அழுதவர்கள் பலர். பொறுத்திருப்பதே அங்கு மருந்து. ஆனால் ஒருபுறம் மட்டும் திடீரென வீங்கிச் சிவந்தாலும், காய்ச்சல் கண்டாலும், பொறுமை கூடாது. அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

தழும்பு முதற்சில மாதங்கள் சிவந்து தடித்துக்கொண்டே வருவதுபோல் தோன்றும். ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் மங்கும். நம் போன்ற மாநிறத் தோலினருக்குத் தழும்பு மேடிட்டு வளரும் இயல்பு கூடுதல். மார்பு அதற்குரிய இடங்களுள் ஒன்று. காதுகுத்திய இடத்தில் கட்டி வளர்ந்த பெண்கள் இதை முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மார்புக் காம்பின் உணர்ச்சி மரத்துப் போகலாம், அல்லது ஆடை பட்டாலே கூசும் அளவு மிகலாம். சிலருக்கு மீள்கிறது, சிலருக்கு இல்லை. இளம்பெண்களுக்குப் பாலூட்டும் ஆற்றல் குறையவும் கூடும். பின்னாளில் மேமோகிராம் எடுக்கையில் உறை இருப்பதை முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும். இல்லையெனில் படம் தெளிவுபடாது.

நீக்கப்பட்ட மார்பகத்தைப் புதிதாக அமைப்பது இதனினும் நீண்ட வழி. தோல் போதாதபோது, முதலில் ஒரு வெற்றுப் பையை உள்ளே வைத்து, சில வார இடைவெளிகளில் உப்புநீரை ஊசியால் ஏற்றித் தோலை விரியச் செய்வர். பின்னரே நிலையான உறை. அன்றியும், முதுகிலிருந்தோ அடிவயிற்றிலிருந்தோ தன் தசையையும் கொழுப்பையும் தோலையும் கொணர்ந்து அமைக்கும் முறை உண்டு. இதில் அந்நியப் பொருள் இல்லை. ஆனால் புண் இரண்டு. வயிற்றிலிருந்து எடுத்தால் சில நாட்கள் நிமிர்ந்து நடக்க இயலாது. காம்பு தனியே, பின்னொரு நாளில் அமைக்கப்படும். அதன் நிறத்தைப் பச்சை குத்தித் தருவர். கதிர் சிகிச்சை பெற்ற மார்பில் உறை வைத்தால், அதைச் சுற்றி உடல் பின்னும் மெல்லிய வலை இறுகிக் கல்போல் ஆவது அதிகம். தொட்டால் இது தன் உடல் என்னும் உணர்ச்சி பலருக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. ரவிக்கைக்குள் வடிவு மீளும்; தொடுகை மீளாது. இதை அறியாமல் செல்பவளுக்கு ஏமாற்றம் உறுதி. அறிந்து செல்பவளுக்கு, சாய்ந்த தோள் நிமிர்வதே பெரும் மகிழ்ச்சி.

உடலைத் திருத்தினாலும் நிலையாமை அகல்வதில்லை என்பதையும் கூறிவிடுவோம். இயற்கை மார்பகம் வயதுக்கேற்பத் தளரும். உறை வைத்தது தளராது. பத்தாண்டில் இரண்டும் ஒவ்வாமல் நிற்கும். வயிற்றுக் கொழுப்பால் அமைத்தது, உடல் பெருத்தால் தானும் பெருக்கும். உறைகள் வாழ்நாள் பொருள் அல்ல என்பதைப் பெண்களுக்குத் தெளிவாக எச்சரிக்க வேண்டுமென்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021இல் கட்டளையிட்டது. சில காலம் கழித்து அவை கிழியலாம், இறுகலாம், மாற்ற வேண்டிவரலாம். கிழிந்திருப்பதைப் பெண்ணால் உணர முடியாமலும் போகும் என்பதால், ஐந்தாறு ஆண்டு கழித்துத் தொடங்கி, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை படமெடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். கடன் வாங்கி அறுவை செய்பவர், இரண்டாம் அறுவைக்கும் சேர்த்தே கடன் கணக்கிட வேண்டும் என்பது இதன் பொருள்.

விற்பவர் வாய்மையை நம்பியும் இருக்க முடியாது. பிரான்சு நாட்டின் பி.ஐ.பி. நிறுவனம், மருத்துவத்துக்கு ஒப்பளிக்கப்படாத தொழிற்சாலைச் சிலிக்கோனை உறைகளில் அடைத்துப் பல நாடுகளுக்கு விற்றுவந்தது 2010இல் வெளிப்பட்டது. அதன் நிறுவனர் 2013இல் நான்காண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். சொரசொரப்பான மேற்பரப்புடைய ஒருவகை உறை, அரியதொரு நிணநீர்ப் புற்றுநோயுடன் தொடர்புடையதாகக் கண்டறியப்பட்டு, 2019இல் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. எனவே உறையின் பெயர், வகை, எண் ஆகியவை அடங்கிய சீட்டைக் கேட்டு வாங்கி, நகைச் சீட்டைப் போலப் பாதுகாத்தல் வேண்டும்.

நம்மவர்க்கே உரிய ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. உறையைத் தாங்கிப் பிடிக்கச் சில மருத்துவர்கள் ஒரு விரிப்பைப் பயன்படுத்துகிறார்கள். பன்றித்தோல், மாட்டுத்தோல் ஆகியவற்றிலிருந்து செய்த விரிப்புகள் உண்டு. இறந்தோர் தானமாக அளித்த மனிதத் தோலிலிருந்து செய்தவையும் உண்டு. பட்டிழையால் பின்னிய வலையும் அமெரிக்காவில் இவ்வறுவைக்குப் பயன்பட்டதுண்டு. நம் ஊர்த் தறியில் ஓடும் அதே பட்டு! அதை நெய்ய எத்தனை கூட்டுப்புழுக்கள் வெந்நீரில் வெந்தன என்று கேட்பது நம் கடமைதான். ஆனால் மூன்று மகள்களுக்கும் கோர்வைப் பட்டு எடுத்து மணம் முடித்தவர், நோயாளி ஒருத்தி அறுவைக்குச் செல்லும்போது மட்டும் புழுக்களை நினைவுகூர்வதைக் கண்டு நாம் வியந்ததுண்டு.

இல்லறத்தார் முற்றிலும் விலக்க வேண்டுவது சங்கற்ப இம்சை. மாற்று இருக்கும்போது கேட்காமலே இருப்பது அதன் பக்கத்தில் வந்துவிடும். மாற்றும் இருக்கிறது. செயற்கை இழை வலைகள் உண்டு. விரிப்பே இல்லாமல் செய்யும் முறைகள் உண்டு. தன் தசையே உண்டு. தையலுக்கு ஆட்டுக்குடல் நரம்பு வேண்டியதில்லை, கரையும் செயற்கை நூல் கிடைக்கிறது. மருந்துக் குப்பிகளின் கூடு ஜெலட்டினா என்றும் வினவலாம். அறுவைக்கு முதல்நாள் கேட்டால் மருத்துவர் எரிச்சலடைவார். முதற்சந்திப்பிலேயே கேட்டால் பெரும்பாலும் வழிசெய்கிறார்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். எதையும் உடலுக்குள் வைக்க விரும்பாதவர்க்கு, பருத்தி நூலால் பின்னி, பஞ்சடைத்து, உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் செயற்கை மார்பகமும் இருக்கிறது. கனம் குறைவு, வியர்வையை ஏற்கும், துவைக்கலாம். எதுவும் வேண்டாம், தட்டையான மார்புடனே இருப்பேன் என்பவளும் நம் மதிப்பிற்கு உரியவளே. அவளை அறுவைக்குத் துரத்துவதும் அதே பிழையின் மறுபக்கம்.

நம் முன்னாள் மாணவி என்ன முடிவெடுத்தார் என்று இதைப் படிப்போர் கேட்கக்கூடும். அது அவருடையது; இங்கு எழுதும் உரிமை நமக்கில்லை. அவர் வீட்டாரிடம் நாம் கூறியதை மட்டும் எழுதலாம். அறுவை முடிந்தால் நான்கிலிருந்து ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது. கைகளைத் தலைக்குமேல் உயர்த்தக் கூடாது. ஆதலால் தலைவாரிவிட ஒருவர் வேண்டும். மல்லாந்தே, தலையை உயர்த்தியே உறங்க வேண்டும். கைப்பயிற்சியை மருத்துவர் சொன்ன நாளில், சொன்ன அளவில் தொடங்க வேண்டும். அஞ்சிக் கையை மடக்கியே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். மாடியிலிருந்து துணி எடுப்பது, அரிசி மூட்டையை நகர்த்துவது, தண்ணீர்க் குடம் சுமப்பது ஆகிய எதுவும் அவருக்குக் கூடாது. ஆகவே அவர் முடிவு எதுவாயினும், குடத்தை யார் தூக்குவது என்பதை வீட்டு ஆண்கள் முதலில் பேசி முடிவு செய்யட்டும் என்றோம். மூத்த மைத்துனர் சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பள்ளிக்குப் போகுமுன் பையன்கள் எடுத்துவைப்பார்கள் என்றார்.